குதிரை மாற்றிய கதை: எலக்ட்ரிக் கிடார் பிரிட்ஜின் வரலாறு

எலக்ட்ரிக் கிடாரைப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அதன் நிறம். அடுத்தது வடிவம். வாசிப்பவரோ பிக்கப்பைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார். ஆனால் ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 45 கிலோ விசையோடு இழுத்துக் கொண்டிருக்கும் இழுப்பை இரவும் பகலும் தாங்கிக் கொண்டிருப்பது கிடாரின் அடிப்பக்கத்தில் இருக்கும் ஓர் உள்ளங்கையளவு உலோகத் துண்டுதான். அதன் பெயர் பிரிட்ஜ்.

பழைய பிரிட்ஜைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட நினைப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். கடையிலோ இணையத்திலோ தேடினால் நூறு வகை வந்து நிற்கும். பித்தளை, எஃகு, டைட்டானியம், இரண்டு திருகு, ஆறு திருகு, பூட்டுள்ளது, பூட்டில்லாதது... எதை எடுப்பது? இந்தக் கேள்விக்கு விடை வேண்டுமானால் விளம்பரத்தைப் படிப்பதைவிட வரலாற்றைப் படிப்பது நல்லது. ஏனென்றால் இந்த ஒவ்வொரு பிரிட்ஜும் யாரோ ஒருவருடைய முறையீட்டுக்குக் கிடைத்த பதில். யாருடைய முறையீடு என்று தெரிந்தால், அது தன்னுடைய முறையீடுதானா என்று வாங்குபவர் தாமே முடிவு செய்து கொள்ளலாம்.

குதிரையும் சேணமும்

வீணையில் தந்திகளைத் தாங்கும் பகுதியைத் தமிழில் குதிரை என்பார்கள். கிடாரின் பிரிட்ஜும் அதே வேலையைத்தான் செய்கிறது. பிரிட்ஜின் மேல் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சிறு துண்டுக்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயருக்குச் சேணம் என்று பொருள். தமிழில் குதிரை, ஆங்கிலத்தில் சேணம்! இரண்டு மொழிக்காரர்களும் பேசி வைத்துக் கொண்டது போலப் பொருந்தி விட்டது. இந்தக் கட்டுரையிலும் அந்தத் துண்டு சேணம் என்றே அழைக்கப்படுகிறது.

குதிரைக்கு மூன்று வேலைகள். கம்பியின் அதிரும் நீளத்துக்கு ஒரு முனையாக இருப்பது முதல் வேலை. கழுத்திலிருந்து கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது இரண்டாவது. ஒவ்வொரு கம்பிக்கும் சரியான நீளத்தைக் கொடுத்துச் சுருதி பிசகாமல் பார்ப்பது மூன்றாவது. இந்த மூன்றாவது வேலைதான் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிடார் செய்பவர்களைத் தூங்க விடாமல் செய்திருக்கிறது.

சுருதி ஏன் தப்புகிறது?

கணக்குப்படி பார்த்தால் பன்னிரண்டாவது ஃப்ரெட் கம்பியின் சரி பாதியில் இருக்க வேண்டும். அங்கே அழுத்தினால் திறந்த கம்பியின் மேல் ஸ்தாயி ஸ்வரம் கேட்க வேண்டும். ஆனால் விரலால் அழுத்தும்போது கம்பி கொஞ்சம் நீள்கிறது, இழுவிசை கூடுகிறது, சுருதி ஏறுகிறது. கம்பி தடிமனாகவும் விறைப்பாகவும் இருந்தால் இந்த ஏற்றமும் அதிகம். எனவே தடித்த கம்பிக்குச் சேணத்தைச் சற்றுப் பின்னால் தள்ளி நீளத்தைக் கூட்ட வேண்டும். மெல்லிய கம்பிக்கு அவ்வளவு தள்ள வேண்டியதில்லை.

சோதனை எளிது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் விரலை லேசாக வைத்து ஹார்மோனிக் ஒலியை எழுப்ப வேண்டும். பிறகு அதே இடத்தில் அழுத்தி வாசிக்க வேண்டும். அழுத்திய ஒலி ஏறிக் கேட்டால் சேணத்தைக் கழுத்திலிருந்து விலக்க வேண்டும். இறங்கிக் கேட்டால் கழுத்தை நோக்கி நகர்த்த வேண்டும். அவ்வளவுதான்!

ஆனால் ஆரம்பக் கிடார்களில் நகர்த்துவதற்கு எதுவும் இல்லை. வளைந்த மேற்பலகை கொண்ட ஜாஸ் கிடார்களில் மரத்தாலான குதிரை எந்தத் திருகும் இல்லாமல் கம்பிகளின் அழுத்தத்தில் மட்டுமே நின்றது. 1922-ல் வந்த கிப்சன் எல்-5 கிடாரில் அதற்கு உயரத்தை மாற்றும் சிறு சக்கரங்கள் இருந்தன. குதிரை முழுவதையும் முன்னும் பின்னும் தள்ளலாம். ஆனால் ஒரு கம்பிக்காகத் தள்ளினால் மற்ற ஐந்தும் சேர்ந்து நகரும். மின்சார ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கூட்டு வாத்தியங்களின் நடுவே இந்தப் பிசகு பெரிதாகக் கேட்கவில்லை. பிக்கப்பும் ஒலிபெருக்கியும் வந்த பிறகு ஒளிய இடமில்லாமல் போயிற்று.

ரேடியோ கடைக்காரரின் மூன்று பித்தளைத் துண்டுகள்

கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர் லியோ ஃபெண்டர். அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. அதனாலோ என்னவோ, கிடாரை ஒரு வாத்தியமாகப் பார்க்காமல் பழுது பார்க்க வசதியான ஒரு சாதனமாகப் பார்த்தார். 1950-ல் எஸ்கொயர், பிராட்காஸ்டர் என்ற பெயர்களில் அவருடைய திட மரக் கிடார் வந்தது. பிராட்காஸ்டர் என்ற பெயரைப் போலவே ஒலிக்கும் பெயரில் கிரெட்ச் நிறுவனம் டிரம் விற்று வந்ததால், 1951-ல் கிடாரின் பெயர் டெலிகாஸ்டர் ஆனது.

அதன் குதிரை ஒரு வளைத்த எஃகுத் தகடு. பிக்கப்பும் அந்தத் தகட்டிலேயே தொங்கியது. கம்பிகள் உடலின் பின்பக்கத்திலிருந்து மரத்தைத் துளைத்துக் கொண்டு மேலே வந்து சேணத்தில் ஏறின. சேணங்கள் மூன்று மட்டுமே. ஒவ்வொன்றிலும் இரண்டு கம்பிகள். முழுக் குதிரையையும் தள்ளியதை விட இது எவ்வளவோ மேல். ஆனால் இரண்டு கம்பிகளுக்கு ஒரே சேணம் என்றால் சமரசம்தானே? ஒன்றைச் சரி செய்தால் மற்றது கொஞ்சம் தப்பும்.

தகட்டை மூட ஓர் உலோக மூடியும் கொடுத்தார்கள். வாசிப்பவர்கள் அதைக் கழற்றி சிகரெட் சாம்பல் தட்டப் பயன்படுத்தியதால் அதற்குச் சாம்பல் கிண்ணம் என்றே பெயர் வந்து விட்டது.

அந்தக் காலத்தில் மூன்றாவது கம்பியும் மேலே கம்பி சுற்றிய தடித்த கம்பியாக இருந்தது. அதற்கு இந்த மூன்று சேணங்கள் ஓரளவு பொருந்தின. 1960களில் எர்னி பால் போன்றவர்கள் மெல்லிய கம்பித் தொகுப்புகளை விற்கத் தொடங்கினார்கள். சுற்றில்லாத வெறும் மூன்றாவது கம்பி பழக்கத்துக்கு வந்தது. உடனே பழைய கணக்கு குழம்பியது. நான்காவது கம்பியும் மூன்றாவது கம்பியும் ஒரே சேணத்தில் சண்டை போடத் தொடங்கின. இன்று டெலிகாஸ்டருக்கு ஆறு சேணமுள்ள குதிரையும், சாய்வாக வெட்டிய மூன்று சேணமுள்ள குதிரையும் விற்கப்படுவதற்குக் காரணம் இதுதான். கிடார் மாறவில்லை, கம்பிதான் மாறியது!

கலமாசூவிலிருந்து வந்த பதில்

மிச்சிகன் மாநிலத்தில் கலமாசூ நகரிலிருந்த கிப்சன் நிறுவனம் சும்மா இருக்கவில்லை. 1952-ல் தன்னுடைய முதல் திட மரக் கிடாரான லெஸ் பாலை வெளியிட்டது. ஆனால் அதன் குதிரை ஒரு பெரிய தவறு. கழுத்து போதுமான கோணத்தில் பொருத்தப்படாததால் கம்பிகளைக் குதிரைத் தண்டின் மேலே கொண்டு போக முடியாமல் அடியில் சுற்ற வேண்டியிருந்தது. வலது உள்ளங்கையைக் கம்பி மேல் வைத்து ஒலியை அடக்கி வாசிக்க முடியவில்லை. விரைவிலேயே அதை மாற்றி, கம்பி மேலே சுற்றிக் கொண்டு போகும் ஒரு கனமான தண்டைப் போட்டார்கள்.

நிறுவனத்தின் தலைவராக இருந்த டெட் மெக்கார்ட்டி பொறியியல் படித்தவர். ஆறு கம்பிக்கும் ஆறு தனிச் சேணங்கள், ஒவ்வொன்றையும் முன்பின் நகர்த்த ஒரு திருகு, முழுக் குதிரையையும் ஏற்றி இறக்க இரு பக்கமும் சக்கரம் என்று ஒரு வடிவத்துக்கு 1952-ல் காப்புரிமை கேட்டார். டியூன்-ஓ-மேட்டிக் என்ற பெயரில் அது 1954-ல் லெஸ் பால் கஸ்டம் கிடாரிலும், அடுத்த ஆண்டு தங்க நிற லெஸ் பாலிலும் வந்தது. கம்பியின் முனையைப் பிடிக்கும் வேலை பின்னால் இருந்த தனித் தண்டுக்குப் போயிற்று.

1954-லேயே ஃபெண்டரும் ஸ்ட்ராடோகாஸ்டரைக் கொண்டு வந்தார். அதிலும் ஆறு தனிச் சேணங்கள். டெலிகாஸ்டரின் சுருதிக் குறையை எடுத்துச் சொன்னவர்களில் பில் கார்சன் என்ற வெஸ்டர்ன் ஸ்விங் கலைஞரும் ஒருவர். ஃபெண்டரின் சேணங்களில் ஒவ்வொன்றின் உயரத்தையும் தனித்தனியே மாற்ற முடிந்தது. கிப்சனில் அது முடியாது.

இரண்டு நிறுவனங்களும் அமெரிக்காவின் இரு வேறு மூலைகளில் இருந்தன. ஆனால் மெக்கார்ட்டியின் காப்புரிமை 1956 ஏப்ரல் 3 அன்றும், ஃபெண்டரின் காப்புரிமை அதே ஆண்டு ஏப்ரல் 10 அன்றும் கிடைத்தன. ஒரே ஒரு வார இடைவெளி! கடைகளில் இன்று விற்கும் குதிரைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு காப்புரிமைகளின் வாரிசுகள் என்றால் அது மிகையாகாது.

கைப்பிடி வந்தது

ஸ்ட்ராடோகாஸ்டரின் குதிரை சுருதியைச் சரி செய்ததோடு நிற்கவில்லை. வேண்டுமென்றே சுருதியைக் கலைக்கவும் வழி செய்தது. அதற்கு முன்கதை ஒன்று உண்டு.

ஹவாய் கிடாரின் வழுக்கும் ஒலி அமெரிக்காவில் பெரும் மோகமாக இருந்த காலம் அது. கையால் ஒரு தண்டை அசைத்து அந்த ஒலியைக் கொண்டு வர டாக் காஃப்மன் என்பவர் ஒரு கருவி செய்தார். 1930களில் ரிக்கன்பேக்கர் கிடார்களில் அது இருந்தது. இதே காஃப்மன்தான் 1945-ல் லியோ ஃபெண்டரோடு கூட்டு சேர்ந்து தொழில் நடத்தியவர். அவருடைய கருவியில் ஒரு குறை. அசைத்துவிட்டு விட்டால் கம்பி பழைய சுருதிக்குத் திரும்பி வராது.

மெர்ல் டிராவிஸ் என்ற கண்ட்ரி இசைக் கலைஞர் தன் கிடாரிலிருந்த அந்தக் கருவியைச் சரி செய்து தரச் சொல்லி, மோட்டார் சைக்கிள் வேலை தெரிந்த பால் பிக்ஸ்பியிடம் கொடுத்தார். பிக்ஸ்பி அதைச் சரி செய்வதைவிட புதிதாக ஒன்றைச் செய்வதே மேல் என்று முடிவு செய்தார். வார்த்த அலுமினியம், ஒரு குட்டையான ஸ்பிரிங், கம்பி சுற்றும் ஓர் உருளை. மென்மையாக அசைத்தால் அழகான அலை போல ஒலிக்கும். இன்றும் பிக்ஸ்பி என்ற பெயரிலேயே அது விற்கிறது. 1966-ல் அந்த நிறுவனத்தை வாங்கியவர் வேறு யாருமல்ல, கிப்சனிலிருந்து வெளியே வந்த டெட் மெக்கார்ட்டி!

ஃபெண்டரின் முதல் முயற்சி தோற்றது. சோதனைக்காகச் செய்த முதல் வடிவத்தில் ஒலி மெலிந்து, சீக்கிரம் அடங்கிப் போனது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினார்கள். இரண்டாவது வடிவத்தில் குதிரையின் அடியில் ஒரு கனமான எஃகுக் கட்டியைச் சேர்த்தார்கள். குதிரையின் முன் விளிம்பை ஆறு திருகுகள் பிடித்துக் கொண்டன. பின்பக்கம் உடலைக் குடைந்து, அதிகபட்சம் ஐந்து ஸ்பிரிங்குகளை மாட்டினார்கள். ஒரு பக்கம் கம்பிகளின் இழுப்பு, மறுபக்கம் ஸ்பிரிங்குகளின் இழுப்பு. நடுவில் தராசு முள் போலக் குதிரை. கைப்பிடியை அழுத்தினால் கம்பிகள் தளரும், சுருதி இறங்கும்.

ஃபெண்டர் இதற்கு டிரெமலோ என்று பெயர் வைத்தார். உண்மையில் டிரெமலோ என்பது ஒலியின் அளவு ஏறி இறங்குவது. சுருதி ஏறி இறங்குவதற்கு வைப்ரேட்டோ என்று பெயர். பெயர் தவறு என்று எல்லோருக்கும் தெரிந்தும் எழுபது ஆண்டுகளாக அந்தப் பெயரே நிலைத்து விட்டது.

மெல்ல அசைப்பதற்காகச் செய்த கருவியை 1969-ல் வுட்ஸ்டாக் மேடையில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வேறு விதமாகப் பயன்படுத்தினார். அமெரிக்க தேசிய கீதத்தை வாசிக்கும்போது கைப்பிடியை ஆழமாக அழுத்தி, குண்டு விழுவது போலவும் அலறுவது போலவும் ஒலிக்க வைத்தார். இதற்கு நேர் எதிர்ப்பக்கம் எரிக் கிளாப்டன். அவர் தன்னுடைய ஸ்ட்ராடோகாஸ்டரின் பின்பக்கக் குழியில் ஒரு மரக்கட்டையைச் செருகி, குதிரை அசையவே முடியாதபடி செய்து விட்டார். ஒரே குதிரை. ஒருவர் பாய விட்டார், மற்றவர் கட்டிப் போட்டார். எது சரி என்று கேட்டால் இரண்டும் சரி. இருவருக்கும் தங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருந்தது.

தப்பிப் பிறந்த ஜாஸ்மாஸ்டர்

எல்லா வடிவமும் வென்று விடவில்லை. 1958-ல் ஃபெண்டர் ஜாஸ் கலைஞர்களுக்காக ஜாஸ்மாஸ்டரைச் செய்தார். அதில் குதிரை தனி, கைப்பிடி தனி. குதிரை இரண்டு கூரான கால்களில் நின்று கம்பியோடு சேர்ந்து ஆடும். தடித்த கம்பிகளை மாட்டி மென்மையாக வாசித்தால் அருமையாக வேலை செய்யும்.

ஆனால் ஜாஸ்காரர்கள் பெரிதாக வாங்கவில்லை. வாங்கியவர்கள் கலிபோர்னியக் கடற்கரையின் சர்ஃப் இசை இளைஞர்கள். பிறகு 1980களில் பழைய கிடார் மலிவாகக் கிடைக்கிறதே என்று சோனிக் யூத், டைனோசர் ஜூனியர் போன்ற ராக் குழுவினர் எடுத்துக் கொண்டார்கள். அவர்கள் மெல்லிய கம்பி மாட்டி ஓங்கி அடித்தார்கள். சேணத்தின் பள்ளங்கள் ஆழமில்லாதவை. கம்பி பள்ளத்தை விட்டுத் துள்ளி வெளியே குதித்தது.

இதற்குத் தீர்வு ஃபெண்டரின் வீட்டுக்குள்ளேயே இருந்தது. 1964-ல் வந்த மஸ்டாங் என்ற மாணவர் கிடாரின் குதிரையில் ஒவ்வொரு சேணத்துக்கும் ஒரே ஓர் ஆழமான பள்ளம். அது ஜாஸ்மாஸ்டரின் ஓட்டைகளில் அப்படியே உட்காரும். ஒரு திருகு கூடப் போட வேண்டியதில்லை. வாசிப்பவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்த இந்த மாற்று, குதிரை மாற்றும் கலையின் மிக அழகான உதாரணம். குறை என்ன என்று தெளிவாகத் தெரிந்தது, மரத்தைத் தொடாமல் தீர்ந்தது.

பூட்டுப் போட்ட நகைத் தொழிலாளி

ஹெண்ட்ரிக்ஸைப் போலக் கைப்பிடியை ஆழமாக அழுத்த எல்லோரும் ஆசைப்பட்டார்கள். ஆனால் ஒரு முறை அழுத்தினால் அடுத்த பாட்டுக்கு முன் மறுபடி சுருதி சேர்க்க வேண்டும். காரணம் உராய்வு. கம்பி தளரும்போது கழுத்தின் மேல் முனையிலுள்ள நட்டின் பள்ளத்தில் வழுக்குகிறது. திரும்பும்போது வந்த இடத்துக்கே வராமல் நடுவில் சிக்கிக் கொள்கிறது. முறுக்காணியில் சுற்றிய கம்பியும் கொஞ்சம் இளகுகிறது.

ஃபிளாய்ட் ரோஸ் என்பவர் ராக் குழுவில் வாசித்தவர். நகை செய்யும் தொழிலும் தெரிந்தவர். 1970களின் நடுவில் அவருக்கு ஓர் எளிய யோசனை தோன்றியது. கம்பி வழுக்குவதால்தானே தொல்லை? வழுக்கவே விடாமல் நட்டிலேயே இறுக்கிப் பூட்டி விட்டால்? பித்தளையில் ஒரு பூட்டு நட்டைத் தாமே செய்தார். பித்தளை மென்மையானதால் கம்பி அதை அரித்து விட்டது. பிறகு கடினப்படுத்திய எஃகுக்கு மாறினார். குதிரைப் பக்கத்திலும் கம்பியைப் பூட்டினார். குதிரையே இரண்டு தண்டுகளின் மேல் கத்தி முனை போன்ற விளிம்புகளில் நின்று ஆடியது. 1979-ல் காப்புரிமை கிடைத்தது.

எட்டி வான் ஹேலன், நீல் ஷான் போன்றவர்கள் இதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். ஆனால் நட்டைப் பூட்டிய பிறகு முறுக்காணியைத் திருகிப் பயனில்லை. அதனால் 1980களின் தொடக்கத்தில் குதிரையிலேயே நுண்ணிய சுருதித் திருகுகள் சேர்ந்தன. கிரேமர் நிறுவனம் இந்தக் குதிரையோடு கிடார்களை விற்றுப் பெரும் புகழ் பெற்றது. அந்தப் பத்தாண்டில் ஃபிளாய்ட் ரோஸ் இல்லாத ராக் கிடார் அரைகுறை போலப் பார்க்கப்பட்டது.

அதற்கும் ஒரு விலை இருந்தது. கம்பி மாற்ற வேண்டுமானால் பூட்டுகளைத் திறக்கச் சாவி வேண்டும். நடுவில் மிதக்கும் குதிரையில் ஒரு கம்பி அறுந்தால் ஸ்பிரிங்குகளின் கை ஓங்கி, மீதி ஐந்து கம்பிகளும் சுருதி ஏறி நிற்கும். பாட்டின் நடுவே வேறு சுருதிக்கு மாற்றுவதும் எளிதல்ல. எல்லாவற்றிலும் பெரிய விலையைக் கொடுத்தது கிடாரின் மரம்.

குடைந்த மரம் வளராது

ஃபிளாய்ட் ரோஸை ஒரு பழைய கிடாரில் பொருத்த உடலைக் குடைய வேண்டும். இரு பெரிய தண்டுகளுக்குத் துளை போட வேண்டும். பூட்டு நட்டுக்காகக் கழுத்தின் மேல் முனையைச் செதுக்க வேண்டும். தொடக்க கால நட்டுகளுக்குக் கழுத்தின் பின்பக்கத்திலிருந்தே இரண்டு துளைகள் போட்டார்கள்.

1980களில் 1950கள், 60களின் ஸ்ட்ராடோகாஸ்டர்கள் பலருக்கு வெறும் பழைய கிடார்களாகத்தான் தெரிந்தன. பலர் தயங்காமல் குடைந்தார்கள். பத்தாண்டு கழிந்ததும் மோகம் அடங்கியது. மக்கள் மறுபடி எளிய கிடாரைத் தேடினார்கள். பழைய கிடார்களின் விலை ஏறிக் கொண்டே போனது. ஆனால் குடைந்த கிடார்களால் திரும்பி வர முடியவில்லை. மரத்துண்டு வைத்து அடைக்கலாம், மேலே வண்ணம் பூசலாம். பார்ப்பவருக்குத் தெரியாமல் போகலாம். ஆனாலும் அது அடைத்த ஓட்டைதான். வாங்க வருபவர் திருகைக் கழற்றிப் பார்த்து விலையைக் குறைப்பார்.

அன்று குடைந்தவர்களை முட்டாள்கள் என்று சொல்வது நியாயமில்லை. அவர்களுக்கு அந்த ஒலி வேண்டியிருந்தது, வேறு வழியும் குறைவாகவே இருந்தது. ஆனால் அவர்களுடைய அனுபவம் ஒரு விதியை விட்டுச் சென்றது. திருகைக் கழற்றித் திரும்பப் போடலாம். மரத்தைச் செதுக்கினால் திரும்பப் போட முடியாது.

இன்று குதிரை செய்பவர்களில் பலர் இந்த விதியை மதிக்கிறார்கள். லெஸ் பாலில் பிக்ஸ்பியைத் துளை போடாமல் மாட்ட வைப்ராமேட் என்ற இடைத்தகடு வந்தது. பழைய திருகுத் துளைகளையே பயன்படுத்தும் மாற்றுக் குதிரைகள் நிறைய வந்தன.

மில்லிமீட்டர் கணக்கு

பழைய துளைகளையே பயன்படுத்தலாம் என்றால் பிரச்சனை தீர்ந்ததா? இல்லை. ஏனென்றால் வரலாறு ஒரே அளவை வைத்திருக்கவில்லை.

பழைய ஸ்ட்ராடோகாஸ்டரின் ஆறு திருகுகளில் முதலாவதற்கும் ஆறாவதற்கும் இடையே சுமார் 56.4 மி.மீ. ஆசியாவில் செய்யப்படும் பல மலிவு விலைக் கிடார்களில் அது 52.5 மி.மீ. ஒரு திருகுக்கும் அடுத்த திருகுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். தபாலில் வாங்கி வந்து மாட்டும்போதுதான் மூன்றாவது திருகு ஓட்டைக்குள் போகாது! 1965-ல் ஃபெண்டர் நிறுவனத்தை 13 மில்லியன் டாலருக்கு சி.பி.எஸ். வாங்கியது. 1985-ல் அது மறுபடி கைமாறிய பின் வந்த அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் கிடாரில் ஆறு திருகுகளுக்குப் பதிலாக இரண்டு தண்டுகள் மட்டும். பழைய குதிரை அதில் உட்காராது.

கிப்சனிலும் அதே கதை. 1954-ன் குதிரை மெல்லிய தண்டுகளில் நேராக மரத்தில் நின்றது. 1970களில் தொழிற்சாலை நாஷ்வில் நகருக்கு விரிந்த காலத்தில் வந்த அகலமான குதிரைக்கு மரத்தில் பதித்த உலோகக் குழல்கள் வேண்டும். சேணம் நகர அதில் கூடுதல் இடம் உண்டு. ஆனால் தண்டின் தடிமன் வேறு. ஆசிய மெட்ரிக் அளவுக் குதிரைகள் இவை இரண்டிலும் சேராதவை.

விரல்பலகையின் வளைவையும் பார்க்க வேண்டும். பழைய ஃபெண்டரில் வளைவின் ஆரம் 7.25 அங்குலம். கிப்சனில் 12 அங்குலம். டியூன்-ஓ-மேட்டிக்கின் வளைவு நிலையானது. பொருந்தாத கழுத்துக்கு மாட்டினால் நடுக் கம்பிகள் ஓர் உயரத்திலும் ஓரக் கம்பிகள் வேறு உயரத்திலும் நிற்கும்.

உலோகச் சண்டை

குதிரை பற்றிப் பேச்சு வந்தால் கடைசியில் உலோகத்தில் போய் முடியும். பித்தளை இனிமை, எஃகு பளிச்சு, துத்தநாகக் கலவை மந்தம் என்று ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. 1971-ல் ஃபெண்டர் எஃகுக் கட்டியைக் கைவிட்டுத் துத்தநாகக் கலவையில் வார்க்கத் தொடங்கியதை இன்றும் மன்னிக்காதவர்கள் உண்டு. 1970களின் பிற்பகுதியில் எல்லாவற்றையும் கனமான பித்தளையில் மாற்றும் மோகம் ஒன்று வந்து போனது.

உலோகத்தால் ஒலியில் வித்தியாசம் வரவே வராது என்று சொல்ல முடியாது. டெலிகாஸ்டரின் எஃகுத் தகடு காந்தத்தால் ஈர்க்கப்படுவதால் அதில் தொங்கும் பிக்கப்பின் காந்தப் புலத்தையே மாற்றுகிறது. அதைப் பித்தளையாக்கினால் மாற்றம் வரும். ஆனால் புதிய குதிரை போட்டதும் கேட்கும் முன்னேற்றத்தில் ஒரு பங்கு கூடவே மாற்றிய புதுக் கம்பிகளுடையது. இன்னொரு பங்கு தேய்ந்த பள்ளமும் ஆடும் திருகும் போனதால் வந்தது. தேய்ந்த சேணம் கம்பியை அறுக்கும், இரைச்சல் கிளப்பும், அதிர்வை விழுங்கும். எந்த உலோகத்தில் செய்திருந்தாலும் நன்றாகப் பொருந்திய குதிரை, பொருந்தாத விலையுயர்ந்த குதிரையை வென்று விடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் விடை தானாக வரும். குதிரையை மாற்ற நினைப்பவர் முதலில் தன் முறையீட்டை ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பார்க்க வேண்டும்.

நாண்கள் மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி பிசகுகின்றன என்றால், அது டெலிகாஸ்டர்காரரின் பழைய முறையீடு. ஈடு செய்த சேணங்களோ ஆறு தனிச் சேணங்களோ போதும். கம்பி பள்ளத்தை விட்டுக் குதிக்கிறது என்றால், அது ஜாஸ்மாஸ்டரின் முறையீடு. மஸ்டாங் குதிரையின் வழியே சரி. மெல்லிய அலை போல அசைத்தால் போதும் என்றால் மெர்ல் டிராவிஸ் கேட்டதுதான் அது. பிக்ஸ்பி இருக்கிறது. பாதாளம் வரை இறக்கி மறுநொடி சரியான சுருதிக்குத் திரும்ப வேண்டும் என்றால் மட்டுமே அது ஃபிளாய்ட் ரோஸின் முறையீடு. அதற்கும், ஏற்கெனவே இருக்கும் பழைய கிடாரைக் குடைவதை விட அந்தக் குதிரையோடு பிறந்த கிடார் ஒன்றை வாங்குவது பெரும்பாலும் மலிவாகவே முடியும். கைப்பிடியைத் தொடுவதே இல்லை என்றால் கிளாப்டனின் மரக்கட்டைக்குச் செலவே இல்லை!

முறையீட்டைச் சொல்ல முடியவில்லை என்றால்? அப்போது குதிரையை மாற்ற வேண்டிய நேரம் இன்னும் வரவில்லை. புதுக் கம்பி மாட்டி, சேணத்தை ஒழுங்காக நகர்த்தி, நட்டின் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்துப் பார்த்தாலே பாதித் தொல்லைகள் போய் விடும். அதன் பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால், அளவுகோலை எடுத்துத் திருகு முதல் திருகு வரை அளந்து எழுதிக் கொண்டு கடைக்குப் போவது நல்லது. கழற்றிய பழைய குதிரையை அதன் திருகுகளோடு ஒரு டப்பாவில் போட்டுப் பத்திரப்படுத்துவது அதைவிட நல்லது.

கிடார் வாசிக்கத் தெரியாத ரேடியோ கடைக்காரரும், மோட்டார் சைக்கிள் மெக்கானிக்கும், நகை செய்தவரும் தங்களிடம் வந்த ஒரு குறையைக் காது கொடுத்துக் கேட்டார்கள். அதைத் தீர்க்க உட்கார்ந்தார்கள். அதனால்தான் அவர்கள் செய்த குதிரைகள் இன்னும் ஓடுகின்றன. தேர்ந்தெடுப்பவரும் அதே போலத் தன் கிடாரிடம் ஒருமுறை காது கொடுத்து, என்ன குறை என்று கேட்டுவிட்டுப் பணப்பையைத் திறந்தால் போதும்.